கரண்ட் பில்லுக்கு ஒதுக்கீடு பத்தவில்லை, பக்கத்து மாவட்டத்தில் மிச்சம் இருக்கிறது: மாற்ற முடியுமா?

கே.வி.குப்பம் வட்டத்திலிருந்து அரசு மருத்துவமனை அலுவலக உதவியாளர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஐயா, மின் கட்டணத்துக்கு இந்த வருடம் ஒதுக்கியது 6 லட்சம். நவம்பர் வரை 4.80 லட்சம் போய்விட்டது. பயணப்படித் தலைப்பில் பணம் அப்படியே கிடக்கிறது. திருப்பத்தூர் பக்கம் வேலை செய்கிற நண்பர், தங்களுக்கு மின் கட்டணத்தில் மிச்சம் வரும் என்கிறார். எதை எடுத்து எதில் போடலாம்?"

முதலில் நண்பர் சொன்ன வழியைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதுதான் சுலபம். உங்களுக்கும் அவருக்கும் துறை ஒன்று, செலவை வகை பிரித்து எழுதும் கணக்குத் தலைப்பு ஒன்று, அலுவலகம் மட்டும்தான் வேறு. அந்தத் தலைப்பின் மொத்தத் தொகை சட்டமன்றம் ஏற்கெனவே ஒப்புதல் கொடுத்தது, அதைப் பிரித்துக் கொடுத்தவர் துறைத் தலைவர். பிரித்துக் கொடுத்தவரே ஓரிடத்தில் குறைத்து இன்னோரிடத்தில் கூட்டித் தரலாம். ஆனால் நீங்களும் நண்பரும் போனில் பேசி முடித்துக்கொள்ள முடியாது. 2019 நவம்பரில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்த பிறகு நீங்கள் இருவரும் வேறு வேறு மாவட்டம், அதனால் மிச்சத்தைத் திருப்பித் தரும் அவர் தரப்பு ஒப்படைப்பும் உங்கள் தரப்புக் கூடுதல் கேட்பும் அவரவர் மாவட்ட அதிகாரி வழியாகச் சென்னையில் துறைத் தலைவரின் இயக்ககத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

பயணப்படி விஷயம் வேறு. ஒரே மானியக் கோரிக்கைக்குள், அதாவது ஒரு துறைக்கென்று சட்டமன்றத்தில் கேட்டு வாங்கும் தொகைக்குள், ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதற்கு மறு ஒதுக்கீடு என்று பெயர், அலுவலகத்தில் ரீ-அப்ரோப்ரியேஷன் என்போம். விதி அதற்கு இடம் கொடுக்கிறது, உங்கள் அலுவலக அளவில் மட்டும் முடியாது. தேவையைக் காட்டி மேலே எழுதலாம், ஆணை வந்த பிறகே செலவு. சிலர் அவசரத்தில் மின் கட்டணத்தையே வேறு தலைப்பில் பில் போட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தணிக்கையில் அது தவறான வகைப்பாடு, பதில் எழுதி எழுதியே இரண்டு வருடம் ஓடிவிடும்.

அப்புறம் கட்டடப் பணிக்கு வந்த பணத்தைக் கேட்கலாமா என்றால், கூடாது. கணக்குத் தலைப்பின் முதல் இலக்கத்தைப் பாருங்கள். 2210 மருத்துவத்தின் வருவாய்ச் செலவு, 4210 அதே துறையின் மூலதனச் செலவு. 2-இல் தொடங்குவதற்கும் 4-இல் தொடங்குவதற்கும் நடுவில் மறு ஒதுக்கீடு செய்யவே முடியாது. பள்ளிக் கல்வி மாதிரி வேறொரு மானியத்தில் மிச்சம் இருந்தாலும் கதை அதுதான். துறை முழுவதற்கும் சேர்த்தே பணம் பத்தாவிட்டால் அரசு துணை மதிப்பீடு கொண்டுவந்து சட்டமன்றத்தின் ஒப்புதலை வாங்க வேண்டும், அரசமைப்புச் சட்டத்தின் 205-வது பிரிவு சொல்வது இதைத்தான்.

சரி, இப்போது உங்கள் கணக்கு. எட்டு மாதத்தில் 4.80 லட்சம் என்றால் மாதம் 60,000. மீதி நான்கு மாதத்துக்கு 2.40 லட்சம் வேண்டும், கையில் 1.20 லட்சம், ஆகவே பற்றாக்குறை 1.20 லட்சம் என்று எழுதி அனுப்பிவிடத் தோன்றும். அவசரப்படாதீர்கள். வேலூர் வெயில் பிப்ரவரி கடைசியிலேயே ஆரம்பித்துவிடும், வார்டில் ஃபேன் ராப்பகலாக ஓடும், தடுப்பூசி குளிர்பெட்டியும் கூடுதலாக இழுக்கும். போன வருடத்து டிசம்பர் முதல் மார்ச் வரையிலான நான்கு பில்களையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மார்ச் பில் எவ்வளவு ஏறியது என்று தெரியும். அந்த ஏற்றத்தையும் பழைய நிலுவை இருந்தால் அதையும் சேர்த்துத்தான் தொகை கேட்க வேண்டும். பில் நகல் இணைத்த கடிதத்துக்கு மேலே மரியாதை உண்டு. "போதுமான நிதி இல்லை" என்று ஒற்றை வரியில் வருகிற கடிதங்கள் கோப்புக் கட்டுக்குள்ளேயே கிடந்துவிடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

கணக்குப் பிரிவில் நான் இருந்தபோது ஒரு வருடம், மார்ச் 28-ஆம் தேதி சாயங்காலம் ஓர் அலுவலகம் சரண்டர் கடிதம், அதாவது ஒப்படைப்புக் கடிதம், கொண்டுவந்து கொடுத்தது. அதே தலைப்பில் பணம் இல்லாமல் இன்னொரு மருத்துவமனை ஒரு மாதமாக ஜெனரேட்டருக்கு டீசல் கடனில் வாங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நாளில் ஆணை வாங்கி, பில் போட்டு, கருவூலத்தில் பாஸ் ஆக வழியில்லை. மார்ச் 31 தாண்டினால் அந்த வருடத்து ஒதுக்கீட்டைத் தொடவே முடியாது, பணம் காலாவதி. இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அதனால் உங்கள் கடிதம், வருட நடுவில் ஒதுக்கீட்டை மறுபடி கணக்கிடும் திருத்த மதிப்பீட்டுக்கு விவரம் கேட்கும்போதே போகட்டும். அதில் விட்டுப்போனால், எஃப்எம்ஏ என்கிற இறுதித் திருத்திய ஒதுக்கீட்டுக்காவது பிடியுங்கள், அதற்குப் பிறகு வாசல் கிடையாது. பயணப்படியில் உங்களுக்குத் தேவைப்படாத தொகையையும் அதே உறையில் ஒப்படைத்துவிடுங்கள். அடுத்த வருடம் குறைத்துவிடுவார்களோ என்று பயந்து பிடித்து வைக்காதீர்கள், அந்தப் பணத்துக்காக எங்கேயோ ஒரு கிராம செவிலியர் காத்திருக்கலாம். நண்பரிடமும் இன்றைக்கே சொல்லுங்கள், அவருடைய ஒப்படைப்புக் கடிதம் உங்கள் கேட்புக்கு முன்னால் இயக்ககம் போய்ச் சேர்ந்தால் உங்கள் வேலை பாதி முடிந்த மாதிரி.