தோட்ட விளக்கும் ஒரு ஷாக்கும்: மண்ணைத் தோண்டுவதற்கு முன்

கேள்வி: திருவான்மியூரில் எங்களுக்குச் சொந்த வீடு. தோட்டத்திலும் காம்பவுண்டு சுவரிலும் 26 விளக்குகள் போட, பக்கத்துத் தெரு எலெக்ட்ரிகல் கான்ட்ராக்டரிடம் 1,85,000 ரூபாய்க்குப் பேசினோம். பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில்தான், ஒப்பந்தமும் இல்லை, பில்லும் இல்லை. ஜிபேயில் 1,40,000 கொடுத்துவிட்டேன். ஐப்பசியின் முதல் பெருமழைக்கே பாதி விளக்கு அணைந்துவிட்டது. போன வாரம் இரும்பு கேட்டைத் தொட்ட எங்கள் வீட்டு வேலைக்கார அம்மாவுக்கு ஷாக் அடித்தது. கான்ட்ராக்டரோ, "மழைக்கு நான் பொறுப்பில்லை, பாக்கி 45,000 வரவில்லை என்றால் விளக்கைக் கழற்றிக்கொண்டு போவேன்" என்கிறார். ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: ஆர்மர்டு கேபிள் (உலோகக் கவசம் உள்ள வயர்) போட்டால் 22,000 கூடும் என்று அவர் கேட்டபோது, "சாதா வயரே போதும்" என்று பதில் போட்டது நான்தான். போலீஸுக்குப் போகச் சொல்கிறான் தம்பி. என்ன செய்யலாம்?

பதில்: சட்டத்துக்கு முன்னால் மெயின் போர்டுக்குப் போங்கள். தோட்டத்து லைனை இப்போதே அணைத்து, யாரும் போடாதபடி எழுதி ஒட்டுங்கள். போர்டில் எம்சிபி (தானாக விழும் சுவிட்ச்) இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். அது ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும்தான் விழும். உடம்பு வழியாகக் கசியும் மின்சாரத்தை உணர்ந்து துண்டிப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி என்ற தனிக் கருவி. கேட்டைத் தொட்டு ஷாக் அடித்தும் லைன் துண்டிக்கப்படவில்லை என்றால், அது அங்கே இல்லையோ, அல்லது வேலை செய்யவில்லையோ என்று சந்தேகப்பட வேண்டும்.

ஒப்பந்தம் இல்லையே என்று நீங்கள் கவலைப்படுகிறீர்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். உங்களிடம் விலை, விளக்கு எண்ணிக்கை, பணம் போன தேதி எல்லாம் போனிலேயே இருக்கின்றன. அந்த வாட்ஸ்அப் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து தனிக் கோப்பாக வையுங்கள், தானாக மறையும் செய்தி அமைப்பு போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், போனையும் மாற்றாதீர்கள். மின்னணு ஆவணத்தைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-இன்படி ஒரு சான்றிதழ் இணைப்பது நல்லது.

என் கவலை வேறு. அவசரத்தில் வேறு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மண்ணைத் தோண்டி, பழைய ஜாயின்ட்டுகளை வெட்டி எறிந்துவிடுவீர்களோ என்பதுதான். இந்த வழக்கின் உயிரே அந்த ஜாயின்ட்டுகளில் இருக்கிறது. குழாய்க்குள் விடாமல் வயரை வெறும் மண்ணில் புதைத்து, வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றி விட்டிருந்தால், நம் ஊர் வடகிழக்குப் பருவமழைக்கு அது தாங்காது. கடற்கரையை ஒட்டிய பகுதியில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். "மழைதான் காரணம்" என்ற அவர் வாதம் அங்கேயே உடையும். வெளியே போடும் விளக்கு மழையில் நனையும் என்பது தெரியாதவரா கான்ட்ராக்டர்?

ஆகவே தோண்டுவதற்கு முன் அவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: இந்தத் தேதி, இந்த நேரத்துக்கு உரிமம் பெற்ற ஒருவரை வைத்துச் சோதிக்கிறோம், நீங்களும் வரலாம். வந்தால் நல்லது. வராவிட்டால் இன்னும் நல்லது. பின்னால் "நீங்களே கெடுத்துவிட்டீர்கள்" என்று சொல்ல அவருக்கு வாய் இருக்காது. சோதிப்பவர் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் உரிமம் உள்ளவராக இருக்கட்டும். மெகர் அளவீடு (வயரின் இன்சுலேஷன் சோதனை), எர்த், ஜாயின்ட் போட்ட விதம், விளக்கின் மேல் உள்ள ஐபி எண் (தூசியும் நீரும் புகாமல் எவ்வளவு தாங்கும் என்ற குறியீடு) எல்லாவற்றையும் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு குழியையும் படம் எடுங்கள். கூடவே உங்கள் கான்ட்ராக்டரின் உரிம எண்ணையும் கேளுங்கள். அவரிடம் உரிமமே இல்லை என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சரி, அந்த "சாதா வயரே போதும்" செய்திக்கு வருவோம். தயவுசெய்து அதை அழிக்காதீர்கள். அவர் போனிலும் அது இருக்கிறது. அது உங்களுக்கு எதிரானதுதான், ஆனால் முழுத் தோல்வி இல்லை. விலை குறைக்கச் சொல்வது வாடிக்கையாளர் வழக்கம். பாதுகாப்பில்லாத வேலையைச் செய்ய மாட்டேன் என்று சொல்ல வேண்டியது தொழில் தெரிந்தவர். சாதா வயரையும் குழாய்க்குள் விட்டு, நீர் புகாத பெட்டியில் ஜாயின்ட் போட்டிருக்கலாமே? ஆர்சிசிபியை விட்டுவிடச் சொல்லி நீங்கள் எழுதவில்லையே? என் கணிப்பில், இழப்பீட்டுத் தொகை கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான்.

அடுத்து நோட்டீஸ். வக்கீல் தேவையில்லை. குறைகள், அறிக்கையின் நகல், 15 நாளில் சரிசெய்ய வேண்டும் அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும் என்பது, குறை தீரும்வரை 45,000-ஐ நிறுத்தி வைக்கிறோம் என்பது. இவற்றை எழுதி ஸ்பீட் போஸ்ட்டிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். பாக்கியைப் பேசாமல் நிறுத்தி வைப்பதற்கும் காரணம் எழுதி நிறுத்தி வைப்பதற்கும் நிறைய வித்தியாசம்.

பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இது சேவைக் குறைபாடு. நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. 2 ஆண்டு அவகாசம் உண்டு. (வீட்டை ஷூட்டிங்குக்கோ விருந்தினர் விடுதியாகவோ வாடகைக்கு விடுகிறீர்களா? அப்படியானால் வணிக நோக்கம் என்று எதிர்த்தரப்பு கிளப்பும். முன்கூட்டியே என்னிடம் சொல்லிவிடுங்கள்.) உத்தரவு வந்த பிறகும் அவர் அசையவில்லை என்றால் பிரிவு 72-இன்படி ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தம்பி சொன்ன போலீஸ் புகாரில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் மோசடி; வேலையை மோசமாகச் செய்தது சிவில் விவகாரம் என்று ஸ்டேஷனில் அனுப்பிவிடுவார்கள். ஆனால் விளக்கைக் கழற்ற அனுமதியில்லாமல் உள்ளே நுழைந்தால் கதை வேறு. அது அத்துமீறல். பாக்கி இருக்கிறது என்பது கேட் ஏறிக் குதிப்பதற்கு உரிமை ஆகாது. வந்தால் 112-க்கு அடியுங்கள்.

ஆணையத்தில் 3 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் ஒரு வருடம் தாண்டுவது சகஜம். அதுவரை இருட்டில் இருக்க வேண்டாம். சோதனை முடிந்து அறிக்கை கைக்கு வந்து, நோட்டீஸ் கெடுவும் தாண்டியதும் வேறு ஆளை வைத்துப் பில்லோடு சரிசெய்யுங்கள். அந்தச் செலவையும் கேட்கலாம். பிடுங்கிய வயரையும் கருகிய ஜாயின்ட்டுகளையும் ஒரு சாக்கில் கட்டி மாடியில் வையுங்கள். பழைய இரும்புக்காரர் வரும்போது வீட்டில் யாரும் எடுத்துப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.