முப்பது அடி வண்டிக்கு எத்தனை அடி இடம்?

அமெரிக்காவில் மோட்டார் ஹோம் (படுக்கை, சமையலறை, கழிப்பறையோடு வரும் வண்டி) வாடகைக்கு எடுத்துச் சுற்றப் போகிறவர்களிடமிருந்து கோடை தொடங்கும் முன்பே கேள்விகள் குவிகின்றன. வண்டியைப் பற்றி அலசி ஆராய்ந்துவிடுகிறார்கள். ராத்திரி அதை எங்கே நிறுத்துவது என்பது மட்டும் கடைசி வாரத்தில்தான் நினைவுக்கு வருகிறது. இந்த முறை அந்தக் கேள்விகளுக்கு மட்டும் பதில்.

கேள்வி: டென்வரில் வண்டி எடுத்து யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். நானும் மனைவியும், இரண்டு பிள்ளைகள், என் அப்பா அம்மா. அங்கே ஆறு ராத்திரி. தனியார் ஆர்வி பார்க்குகளில் (இந்த மாதிரி வண்டிகள் தங்க வாடகைக்கு விடும் இடங்கள்) 'ஃபுல் ஹூக்-அப்' இடத்துக்கு 90 டாலருக்கு மேல் கேட்கிறார்கள். தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் சாதாரண கேம்ப்கிரவுண்ட் அதைவிட எவ்வளவோ மலிவு. ஆறு நாளும் மலிவானதையே எடுத்துவிடலாமா?

பதில்: ஆறு பேர், ஆறு நாள் என்றால் முடியாது. காரணம், வண்டிக்கு அடியில் இருக்கும் தொட்டி.

ஃபுல் ஹூக்-அப் என்றால் கரண்ட், தண்ணீர், கழிவுநீர் என்று மூன்று இணைப்பும் உங்கள் இடத்திலேயே இருக்கும். 'பார்ஷியல்' என்றால் பெரும்பாலும் கரண்டும் தண்ணீரும் மட்டும். சில இடங்களில் வெறும் கரண்ட்தான், அதனால் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். எந்த இணைப்பும் இல்லாமல் தங்குவது 'டிரை கேம்ப்பிங்'. பேட்டரியில் இருக்கும் கரண்ட், நீங்கள் பிடித்து வந்த தண்ணீர், தொட்டியில் மிச்சமிருக்கும் இடம், இவ்வளவுதான் அங்கே கையிருப்பு. குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் போய்ச் சேருவதை 'கிரே' தொட்டி என்பார்கள். வாடகை வண்டிகளில் அது 30, 40 கேலன் (115, 150 லிட்டர்) அளவில்தான் இருக்கும். வீட்டு ஞாபகத்தில் ஒருவர் பத்து நிமிடம் ஷவரைத் திறந்துவிட்டு நின்றால் பாதித் தொட்டி நிரம்பிவிடும். ஆறு பேருக்கு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அதற்காக ஆறு நாளும் 90 டாலர் அழ வேண்டியதில்லை. கலந்து எடுங்கள். இரண்டு ராத்திரி டிரை, மூன்றாம் ராத்திரி ஃபுல் ஹூக்-அப். அன்றைக்கு எல்லோரும் நிதானமாகக் குளித்து, தொட்டிகளைக் காலி செய்து, நல்ல தண்ணீர் நிரப்பிக்கொண்டு, மறுபடி இரண்டு நாள் டிரை. யெல்லோஸ்டோனில் மேற்கு வாசலிலிருந்து 14 மைலில் மேடிசன் கேம்ப்கிரவுண்ட் இருக்கிறது. ஹூக்-அப் கிடையாது, ஆனால் ஓல்டு ஃபெயித்ஃபுல் வெந்நீர் ஊற்று அங்கிருந்து 16 மைல்தான். பூங்காவுக்குள் மூன்று இணைப்பும் உள்ள ஒரே இடம் ஏரிக்கரைப் பக்கம் இருக்கும் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்வி பார்க். கரடி நடமாட்டம் உள்ள பகுதி என்பதால் அங்கே கூடாரம், துணிச் சுவர் வைத்த டிரெய்லர் எதற்கும் அனுமதியில்லை. உங்கள் வண்டிக்குப் பிரச்சினை இல்லை. இந்த இரண்டையுமே நடத்துவது பூங்காவின் ஒப்பந்த நிறுவனம். அரசு கேம்ப்கிரவுண்டுகளுக்கான முன்பதிவுத் தளமான ரிக்ரியேஷன் டாட் கவ்வில் தேடிவிட்டு 'இடமே இல்லை' என்று முடிவு கட்டாதீர்கள். பதிவு அந்த நிறுவனத்தின் தளத்தில்தான்.

எல்லாப் பூங்காவும் ஒரே மாதிரி இருக்காது. யோசெமிட்டிக்குள் எந்த கேம்ப்கிரவுண்டிலும் ஹூக்-அப் இல்லை. கிராண்ட் கேன்யன் தென் விளிம்பில் டிரெய்லர் வில்லேஜ் என்ற பார்க்கில் உண்டு, கூப்பிடு தூரத்தில் இருக்கும் மேதர் கேம்ப்கிரவுண்டில் கிடையாது.

கேள்வி: எங்கள் வண்டி 30 அடி. பார்க்கில் '30 அடி சைட்' காலியாக இருக்கிறது என்கிறார்கள். பணம் கட்டிவிடலாமா?

பதில்: கட்டாதீர்கள். நான் ஒருமுறை கட்டிவிட்டுப் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

ஒரிகன் கடற்கரையில் ஒரு தனியார் பார்க். ஃபோனில் 'வண்டி என்ன நீளம்' என்றார்கள், வாடகைப் பத்திரத்தில் இருந்தபடி 30 என்றேன், 'தாராளமாகப் போகும்' என்றார்கள். இருட்டும் நேரத்தில் போய்ப் பின்பக்கமாக ஏற்றினால், கான்கிரீட் முடியும் இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மரக்கட்டை. அதற்கு மேல் பின்னே போக வழியில்லை. முன் சக்கரங்கள் பாதைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. மறுநாள் டேப் வைத்து அளந்தேன்: முன் பம்பரிலிருந்து பின் ஏணி வரை 32 அடி 4 அங்குலம். வாடகைக் கம்பெனி 30 என்றது வண்டி ரகத்தின் பெயராம். அன்றிரவு எங்களைக் குப்பைத் தொட்டி வரிசைக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார்கள். முழுக் கட்டணம்தான், ஒரு டாலர் குறையவில்லை. ஃபோனில் நானே சொன்னது 30 அடி என்பதால் என்னால் வாய் திறக்கவும் முடியவில்லை.

அதனால் வண்டியைக் கையில் வாங்கியதும் முதல் வேலையாக அளந்துவிடுங்கள். நீளம் மட்டுமல்ல, உயரமும். இந்த ரக வண்டிகள் கூரை ஏசியோடு சேர்த்து 12 அடி அளவில் நிற்கும். அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டுங்கள். சைட் எடுக்கும்போது உங்கள் அளவுக்கு மேல் நான்கைந்து அடியாவது கூடுதலாக இருக்கட்டும். பக்கச் சுவர் வெளியே நகரும் 'ஸ்லைடு-அவுட்' இருந்தால், அந்தப் பக்கம் மரமோ கரண்ட் கம்பமோ இடிக்குமா என்று கேளுங்கள். ரிக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் ஒவ்வொரு சைட்டுக்கும் தனிப் பக்கம் உண்டு. வண்டியின் அதிகபட்ச நீளம், 'பேக்-இன்'னா (பின்பக்கமாக ஏற்றுவது) 'புல்-த்ரூ'வா என்பதெல்லாம் அதில் இருக்கும். புல்-த்ரூ என்றால் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் நேராக வெளியே வந்துவிடலாம். முதல் தடவை ஓட்டுகிறவர்கள் ஐந்து பத்து டாலர் அதிகமானாலும் அதையே எடுங்கள். இருட்டில், மழையில், மனைவி டார்ச் அடித்து 'இன்னும் வா, இன்னும் வா, ஐயோ நிறுத்து' என்று சொல்லும் அனுபவத்திலிருந்து தப்பிக்கலாம்.

நீளம் பாதையிலும் குறுக்கே வரும். மொன்டானாவின் கிளேசியர் பூங்காவில் கோயிங்-டு-தி-சன் மலைப்பாதையின் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேற்பட்ட வண்டிக்கு அனுமதி கிடையாது. வண்டியை கேம்ப்கிரவுண்டில் விட்டுவிட்டு ஷட்டில் பஸ்ஸில் போவதாக இருந்தால் மட்டும் அங்கே இடம் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: ஏசி ஓடும்போது இண்டக்‌ஷன் அடுப்பைப் போட்டால் மொத்தக் கரண்டும் போய்விடுகிறது. பார்க் ஆட்கள் '50 ஆம்ப் சைட்டுக்கு மாறுங்கள், 12 டாலர் கூடுதல்' என்கிறார்கள். மாறலாமா?

பதில்: முதலில் உங்கள் வண்டியின் பிளக்கைப் பாருங்கள். மூன்று முள் என்றால் அது 30 ஆம்ப் வண்டி. நான்கு முள் என்றால் 50 ஆம்ப் வண்டி. மூன்று முள் வண்டியை அடாப்டர் போட்டு 50 ஆம்ப் கம்பத்தில் சொருகினாலும் உள்ளே வருவது 30 ஆம்ப்தான். 12 டாலர் வீண்.

கணக்கு எளிது. 30 ஆம்ப், 120 வோல்ட், ஆகக்கூடி 3,600 வாட். கூரை ஏசி ஓடும்போது 13 ஆம்ப் அளவுக்கு இழுக்கும். 1,800 வாட் இண்டக்‌ஷன் 15 ஆம்ப். இரண்டும் சேர்ந்தே 28. பேட்டரி சார்ஜரும் ஃபிரிட்ஜும் கொஞ்சம் எடுத்துக்கொண்டால் பிரேக்கர் விழத்தானே செய்யும்? (50 ஆம்ப் என்றால் 20 ஆம்ப்தான் கூடுதல் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் 50 ஆம்ப் கம்பி இரண்டு தனித்தனியாக வருகிறது, மொத்தம் 12,000 வாட். நான்கு முள் வண்டிக்கு மட்டும் இது உதவும்.)

உங்களுக்குச் செலவில்லாத வழி: வண்டியிலேயே கேஸ் அடுப்பு இருக்கிறது, சமையலை அதில் வையுங்கள். வெந்நீர் ஹீட்டரிலும் கேஸ், கரண்ட் என்று இரண்டு சுவிட்ச் இருந்தால் கேஸுக்கு மாற்றுங்கள். இண்டக்‌ஷன்தான் வேண்டும் என்றால் சமைக்கும் அரை மணி நேரம் ஏசியை நிறுத்துங்கள்.

சொருகும் முன் கம்பத்தில் உள்ள பிரேக்கரை அணைத்துவிட்டுச் சொருகி, பிறகு போடுங்கள். பழைய பார்க்குகளில் வயரிங்கை நம்ப முடியாது. கோடையில் எல்லா ஏசியும் ஒன்றாக ஓடும் மாலை வேளையில் வோல்டேஜ் இறங்கி ஏசியின் கம்ப்ரஸரைத் தின்றுவிடும். குறைந்த வோல்டேஜில் தானே துண்டிக்கும் சர்ஜ் புரொடெக்டர் ஒன்று வாடகைக் கம்பெனியிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். வெறும் இடி மின்னலுக்கான மலிவு ரகம் இந்த வேலையைச் செய்யாது.

கேள்வி: பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து பயணத்தை ரத்து செய்தோம். ஒரு பார்க் பத்து டாலர் மட்டும் பிடித்தது, இன்னொன்று முழுப் பணத்தையும் வைத்துக்கொண்டது. இது நியாயமா?

பதில்: நியாயமோ இல்லையோ, இரண்டுமே நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனைக்குள்தான் இருக்கும். ரிக்ரியேஷன் டாட் கவ் வழியாக எடுத்த இடத்தை ரத்து செய்தால் பொதுவாக 10 டாலர் பிடித்தம். போய்ச் சேர வேண்டிய நாளுக்கு முதல் நாளோ அதற்குப் பிறகோ ரத்து செய்தால் முதல் ராத்திரி வாடகையும் சேர்ந்து போகும். சொல்லாமலே போகாமல் இருந்தால் 20 டாலரும் முதல் ராத்திரியும் போகும். ஆகவே எவ்வளவு தாமதமானாலும் ரத்து செய்துவிடுவதே லாபம். தனியார் பார்க்குகளுக்குப் பொது விதி கிடையாது. மெமோரியல் டே, ஜூலை 4, லேபர் டே விடுமுறைகளை ஒட்டிய வார இறுதிகளில் பணமே திரும்பாது என்று பலர் எழுதி வைத்திருப்பார்கள். குறிப்பிட்ட எண்ணுள்ள சைட் உங்களுக்கே என்று உறுதி செய்ய 'சைட் லாக்' கட்டணம் வாங்குகிறவர்கள் அதைத் தனியாக, திரும்பாத பணமாக வைத்திருப்பார்கள்.

நிபந்தனைப்படி திரும்ப வேண்டிய பணத்தைத் தரவில்லை என்றாலோ, சொன்ன ஹூக்-அப் அங்கே இல்லவே இல்லை என்றாலோ அது வேறு கதை. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் அந்தத் தொகை வந்த முதல் ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் கார்டு கம்பெனிக்கு எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். கரண்ட் கம்பம் செத்துக் கிடந்தால் அப்போதே ஃபோட்டோ எடுத்து, அலுவலகத்துக்கு ஒரு மெசேஜும் அனுப்பி வையுங்கள். 'நேரில் சொன்னேன்' என்பது எடுபடாது. பணத்தைச் செயலி வழியாக நேரடியாக அனுப்பச் சொல்கிறவர்களிடம் இடம் எடுக்கவே வேண்டாம்.

கேள்வி: தள்ளுபடி தரும் உறுப்பினர் கார்டுகள் வாங்கினால் லாபமா?

பதில்: எத்தனை ராத்திரி என்பதைப் பொறுத்தது. கேஓஏ (தனியார் கேம்ப்கிரவுண்ட் சங்கிலி), குட் சாம் (ஆர்வி பயணிகளுக்கான கிளப்) இரண்டின் கார்டுகளும் பொதுவாக 10 சதவீதம் தள்ளுபடி. 70 டாலர் இடத்தில் 7 டாலர். சந்தா 35 டாலர் என்று வைத்துக்கொண்டால் ஐந்து ராத்திரியில் போட்ட பணம் திரும்பும், அதுவும் அந்தந்தப் பார்க்குகளிலேயே தங்கினால். பாஸ்போர்ட் அமெரிக்கா என்ற தள்ளுபடி கிளப் பாதி விலை என்கிறது. ஆனால் வார இறுதி, விடுமுறைக் காலம் கிடையாது என்று பல பார்க்குகள் விலக்கு வைத்திருக்கின்றன. வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த நாட்கள்தானே லீவ். ஒரு வாரப் பயணத்துக்கு நான் எந்தக் கார்டும் வாங்கமாட்டேன்.

இலவசமாக இரண்டு ராத்திரி தங்கலாம், 'சின்ன அறிமுகக் கூட்டம்' மட்டும் உண்டு என்று அழைத்தால் அது ஆயிரக்கணக்கில் உறுப்பினர் கட்டணம் விற்கும் கூட்டம். போவதென்றால் பேனாவை வண்டியில் விட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது, கிரீன் கார்டு இருக்கிறது. அவர் பெயரில் சீனியர் பாஸ் எடுத்தால் கேம்ப்கிரவுண்ட் வாடகை குறையுமா?

பதில்: குறையும், எல்லா இடத்திலும் அல்ல. 62 வயதோ அதற்கு மேலோ ஆன அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) உள்ளவர்களுக்கும் இந்தத் தேசியப் பூங்கா பாஸ் உண்டு. ஒரு வருடத்துக்கு 20 டாலர், ஆயுளுக்கு 80 டாலர். நுழைவுக் கட்டணம் மிச்சம். பல அரசு கேம்ப்கிரவுண்டுகளில் வாடகையும் பாதி, ஆனால் ஒப்பந்த நிறுவனம் நடத்தும் இடங்களில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்பா உங்களோடு கூடவே தங்க வேண்டும். 80 டாலர் போட்டு வாங்கிவிடுங்கள். சாதாரண வருடாந்தர பாஸ் நுழைவுக்கு மட்டும்தான், வாடகையில் ஒரு காசு குறைக்காது.

கேள்வி: வால்மார்ட் பார்க்கிங்கில் இலவசமாகத் தங்கலாம் என்கிறார்களே?

பதில்: அந்தந்தக் கடை மேனேஜரும் ஊர்ச் சட்டமும் அனுமதித்தால். மாலையில் கடைக்கு ஃபோன் செய்து கேளுங்கள். அது வழிப்போக்கில் ஒரு ராத்திரி கண்ணயர மட்டும். நாற்காலி போட்டு உட்காருவது, ஸ்லைடு-அவுட் திறப்பது எல்லாம் வேண்டாம்.

கேள்வி: ஃபுல் ஹூக்-அப்பில் நான்கு நாள் தங்கப் போகிறோம். கழிவுக் குழாயைப் பொருத்தி வால்வைத் திறந்தே வைத்துவிட்டால் தொல்லை இல்லையே?

பதில்: கிரே வால்வை வேண்டுமானால் திறந்து வைக்கலாம். கழிப்பறைக்கான 'பிளாக்' தொட்டியின் வால்வை மட்டும் திறந்தே வைக்காதீர்கள். தண்ணீர் உடனுக்குடன் ஓடிவிடும், மற்றது அடியிலேயே தங்கிக் குவிந்து இறுகிவிடும். வண்டியைத் திருப்பித் தரும்போது அதைச் சுத்தம் செய்யும் கூலி உங்கள் டெபாசிட்டில் கழியும். மூடியே வைத்து, தாராளமாகத் தண்ணீர் விட்டு, மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். அதற்குச் சில மணி நேரம் முன்பே கிரே வால்வை மூடி கொஞ்சம் சோப்புத் தண்ணீர் சேரவிடுங்கள். முதலில் பிளாக், பிறகு கிரே. சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வால்வை இழுக்கும் முன் குழாயின் இரண்டு முனையும் கிளிக் என்று பூட்டியிருக்கிறதா என்று ஒருமுறை அசைத்துப் பாருங்கள், செருப்பு போட்ட காலோடு நேர் எதிரே நிற்காதீர்கள்.