வானொலி மென்பொருளில் 8 மணிச் செய்தி ஏன் பிந்துகிறது?

ரிவென்டெல் என்ற வானொலித் தானியங்கி மென்பொருளை வைத்து ஓட்டும் சிறிய வானொலிகளுக்கு இது வழக்கமான தொல்லை. செய்திக்குத் தொடங்கும் நேரத்தைக் கட்டாயமாகக் கொடுக்காவிட்டால் நிகழ்ச்சி நிரல் வெறும் வரிசைதான். முன்னாலுள்ள பாட்டுகள் எல்லாம் முடிந்த பிறகே செய்தி வரும்.

நேரம் கொடுத்தால் மூன்று தெரிவு. 'உடனே தொடங்கு' ஓடும் பாட்டை வெட்டும். 'அடுத்ததாக்கு' அந்தப் பாட்டை முடியவிட்டு, இடையில் மிச்சமுள்ளவற்றைத் தாண்டிவிடும். மூன்றாவது, குறித்த அளவு காத்திருந்து பிறகு வெட்டுவது. செய்திக்கு இதுதான் நல்லது. 30 விநாடி தாராளம். தாண்டப்படும் இடத்தில் விளம்பரம் இருந்தால் காசு போகும், ஆகவே மணியின் கடைசியில் வாத்திய இசையை மட்டும் போடுங்கள். 60 நிமிடத்துக்கு 62 நிமிடச் சரக்கு வைத்தால் வெற்று மௌனமும் வராது.

யாழ்ப்பாணத்து நல்லூர்த் தேர் நேரடி ஒலிபரப்பு என்றால் தானியங்கி முறையை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் தேர் அசையும்போது செய்தி குறுக்கே பாயும்.

கணினி மணிக்கூட்டை இணைய நேரச் சேவையகத்தோடு இணைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். மின்தடைக்குப் பிறகு மணிக்கூடு பிந்தினால், காரணம் பெரும்பாலும் மின்சாரம் இல்லாதபோது நேரத்தைக் காக்கும் மதர்போர்ட் பற்றரிதான்.