மன்னர்களின் பள்ளத்தாக்கில் எந்தக் கல்லறைகள்?

கேள்வி: நானும் என் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். ஜனவரியில் எகிப்து செல்லவிருக்கிறோம். லக்சரில் இரண்டு பகல்கள்தாம் கிடைக்கும். கணவருக்கு மூட்டு வலி உண்டு. துத்தன்காமன் கல்லறையைப் பார்க்காவிட்டால் பயணமே வீண் என்கிறார்கள் உறவினர்கள். உண்மையா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: வீண் என்பது மிகை. 1922-இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த அக்கல்லறைக்குப் புகழ் தந்தவை உள்ளே கிடைத்த பொருள்கள். அவை இப்போது கிசாவில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கல்லறையில் எஞ்சியிருப்பவை மன்னரின் மம்மியும், கல்லாலான சவப்பேழையும், ஓவியம் தீட்டிய ஒரே ஓர் அறையும்தான். தனிக் கட்டணம் செலுத்திச் சென்றால், ஓவியங்களின்மேல் பரவியுள்ள பழுப்புப் புள்ளிகளைக் கவனியுங்கள். சுவர் காயும் முன்பே கல்லறையை அவசரமாக அடைத்ததால் வளர்ந்து மடிந்த நுண்ணுயிர்களின் தடம் அது என்பது ஆய்வாளர் கருத்து. ஐப்பசி மழையில் வீட்டுச் சுவரில் பூக்கும் பூஞ்சையோடு மல்லுக்கட்டும் உங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

பழங்கால எகிப்திய மன்னர்களைப் புதைத்த இந்தப் பள்ளத்தாக்கின் பொது நுழைவுச்சீட்டில், அன்று திறந்திருப்பவற்றுள் மூன்று கல்லறைகளைப் பார்க்கலாம். நான்காம் ராம்சேஸின் கல்லறை வாயிலுக்கு அருகில் இருக்கிறது; தளம் மெல்லச் சரிவதால் மூட்டுக்குத் தொல்லை குறைவு. அக்காலத்தவர் பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் வரைந்த அதன் வரைபடம் இத்தாலியின் டூரின் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது. மூன்றாம் ராம்சேஸின் கல்லறையைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். யாழ் மீட்டும் இருவர், அடுமனை வேலை என்று அதன் சிற்றறைகளில் வாழ்க்கையே விரிகிறது. சற்று உள்ளே சென்றதும் வழி திடீரென வலப்புறம் விலகும். பாறையைக் குடைந்துகொண்டே போனவர்கள் அமென்மெசே என்ற மன்னரின் பழைய கல்லறைக்குள் உடைத்து நுழைந்துவிட்டதால், பாதையை மாற்ற வேண்டியதாயிற்று. மன்னருக்கென்று குடைந்த கல்லறையிலும் அளவு தவறியிருக்கிறது என்று எண்ணும்போது, அந்தத் தொழிலாளர்கள் நமக்கு நெருங்கியவர்களாகிவிடுகிறார்கள்.

முதலாம் சேத்தியின் கல்லறைதான் அங்கு அழகில் முதன்மையானது என்பது என் கருத்து. ஆனால் கட்டணம் தனி, படிகளும் மிகுதி. கணவரை மேலே நிழலில் அமர்த்திவிட்டு, விண்மீன் கூட்டங்கள் தீட்டிய விதானத்தைக் காண நீங்கள் மட்டும் இறங்கலாம்.

இவையெல்லாம் இரண்டாம் நாளுக்கு. முதல் நாளை நைல் ஆற்றின் கிழக்குக் கரையிலுள்ள கர்னாக் கோயிலுக்கு ஒதுக்குங்கள், பெரும்பாலும் சமதளம். 134 தூண்கள் கொண்ட மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தால், வெயில் படாத உத்தரங்களின் அடிப்பக்கத்தில் பழைய வண்ணம் இன்னும் ஒட்டியிருப்பது தெரியும்.

கேள்வி: அபு சிம்பல் கோயில்களை இடம் மாற்றிவிட்டார்களாமே, அவ்வளவு தூரம் போவது தகுமா?
– வாசகர், குன்னூர்

பதில்: தகும். அஸ்வான் அணையின் நீரில் மூழ்காதிருக்க, 1964 முதல் 1968 வரை, பாறையில் குடைந்த அக்கோயில்களைப் பாளம் பாளமாக அறுத்து, பழைய இடத்தைவிடச் சுமார் 65 மீட்டர் உயரத்தில் மீண்டும் பொருத்தினார்கள். அஸ்வானிலிருந்து சாலை வழியே ஒரு பக்கத்துக்கு மூன்று மணி நேரத்துக்கும் மேலாகும். முடிந்தால் விமானத்தில் செல்லுங்கள்.