மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கென்ஸ்டைன்' அறிவியலுக்கு எதிரான நாவலா?

கேட்டவர் கல்லூரிக் கருத்தரங்குக்காகக் கேட்கிறார் என்று ஊகிக்கிறேன். இங்கே ஏற்கெனவே வந்திருக்கும் பதில்களில் பாதி, 'மனிதன் கடவுளாக முயன்றால் இதுதான் கதி' என்று முடிகின்றன. அதைப் படித்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன். நான் ஆங்கில இலக்கியம் படித்தவள் அல்ல. ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் விலங்குக் கூடத்தில் பல வருடங்கள் வேலை பார்த்தவள். எலிக்குத் தீனி போட்டவளுக்கு நாவலைப் பற்றி என்ன தெரியும் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எதிரான நாவல் இல்லை. கதையின் நாயகனான மாணவன் விக்டர் ஃபிராங்கென்ஸ்டைன் தன் ஆராய்ச்சியில் ஓர் உயிரை உண்டாக்கினான் என்பதற்காக மேரி அவனைக் கூண்டில் ஏற்றவில்லை. அதற்கு அடுத்த சில மணி நேரம் அவன் என்ன செய்தான் என்று பாருங்கள். நவம்பர் மாத மழை இரவு, மெழுகுவர்த்தி அணையப்போகிறது, கிடத்தியிருந்த உடலின் மஞ்சள் கண் திறக்கிறது. ஏறக்குறைய இரண்டு வருடம் சோறு தூக்கம் மறந்து உழைத்தவன், அதன் முகம் பிடிக்காமல் படுக்கையறைக்குள் ஓடிவிடுகிறான். அது தேடிவந்து கையை நீட்டுகிறது, மறுபடி ஓடுகிறான். மறுநாள் நண்பன் கிளெர்வலோடு திரும்பும்போது அறை காலியாக இருக்கிறது. உடனே கைதட்டி மகிழ்கிறான்! பிறந்த அன்றே வெளியேறிய அந்த ஜீவன் எங்கே போயிற்று, எதைத் தின்னும் என்ற நினைப்பே அவனுக்கு இல்லை. பிறகு, தன் தம்பியைக் கொன்றது அந்த ஜீவன்தான் என்று உள்ளுக்குள் தெரிந்தும் வாய் திறக்காமல் இருக்கிறான். பழி விழுந்த ஜஸ்டின் என்ற வேலைக்காரப் பெண் தூக்கில் தொங்குகிறாள்.

கைதட்டும் அந்த இடத்தை என்னால் கதையாக மட்டும் படிக்க முடியவில்லை. எங்கள் கூடத்தில் வெள்ளை எலிகளுக்குப் பிக்ரிக் அமிலத்தால் மஞ்சள் அடையாளம் இடுவோம்: தலையில் ஒன்று, முதுகில் ஒன்று, வாலடியில் ஒன்று. எது எந்த எலி என்று அதை வைத்துத்தான் தெரியும். முடி உதிர்ந்து முளைக்க முளைக்க நிறம் மங்கும், மறுபடி இடவேண்டும். ஓர் ஆய்வு மாணவர் தனக்கு வேண்டிய அளவீடுகள் கிடைத்ததும் வருவதை நிறுத்திக்கொண்டார். மிஞ்சிய எலிகள் கூண்டிலேயே இருந்தன. உமி மாற்றுவதும் தண்ணீர்ப் புட்டி கழுவுவதும் என் வேலை, அதைச் செய்தேன். ஆனால் அவற்றை என்ன செய்வது என்று முடிவெடுக்க அவருடைய கையெழுத்து வேண்டும். தொலைபேசியில் கூப்பிட்டால், "அக்கா, கொஞ்ச நாள் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்பார். பேராசிரியரிடம் போனால், "அவனிடமே கேளம்மா" என்பார். நாளாக ஆக அடையாளம் மங்கி, பதிவேட்டில் உள்ள எந்த எண் எந்த எலி என்று யாருக்கும் தெரியாத நிலை வந்தது. கடைசியில் நெறிமுறைக் குழுவில் இருந்த கால்நடை மருத்துவர் பார்வையிட வந்தபோது சத்தம் போட்டார்; அதன் பிறகுதான் காகிதம் நகர்ந்தது. அதற்குள் அந்த மாணவரின் கட்டுரை அச்சாகிவிட்டது.

விலங்குச் சோதனையே கூடாது என்று சொல்கிறேன் என யாரும் சண்டைக்கு வரவேண்டாம். என் அம்மா தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். 1921இல் டொரொண்டோவில் நாய்களை வைத்துச் செய்த சோதனைகளில் இருந்து வந்த மருந்து அது. சோதனை செய்யட்டும். முடிந்த பிறகும் வந்து நிற்கட்டும்.

மேரிக்கு இது ஏட்டுப் படிப்பில் வந்த கேள்வி இல்லை. அவரைப் பெற்ற சில நாட்களில் தாய் இறந்துபோனார். 1815இல் அவருடைய முதல் குழந்தை குறைமாதத்தில் பிறந்து இறந்தது. அந்தக் குழந்தையை நெருப்பருகே வைத்துத் தேய்த்ததும் உயிர் வந்ததாகக் கனவு கண்டேன் என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அடுத்த வருடம் ஜெனீவா ஏரிக்கரையில் நாவலைத் தொடங்கியபோது வயது 18.

நாவல் 1818 ஜனவரியில் வெறும் 500 படிகளாக, ஆசிரியர் பெயரே இல்லாமல் வந்தது. முன்னுரையை எழுதியவர் மேரியின் கணவர், கவிஞர் பெர்சி. மதிப்புரை எழுதிய எழுத்தாளர் வால்டர் ஸ்காட் நாவலே பெர்சியுடையது என்று எடுத்துக்கொண்டார். மேரியின் பெயர் அச்சேற 1823 வரை ஆயிற்று. இன்றும் 'கணவர்தான் எழுதிக்கொடுத்தாராமே' என்று கேட்க ஆள் இருக்கிறது. பெர்சி கைப்பிரதியில் திருத்தியது உண்மை. எந்தப் பதிப்பாசிரியர் திருத்தாமல் இருக்கிறார்? இதில் எனக்குக் கூடுதலாகக் கோபம் வரக் காரணம் உண்டு. எங்கள் கூடத்தில் வேலை நடந்து வெளியான ஆய்வேடுகளை எடுத்துப் பாருங்கள். நன்றியுரையில் மாமனார் பெயர் இருக்கும், விடுதி நண்பர்கள் பெயர் இருக்கும். ஞாயிற்றுக்கிழமையும் வந்து கூண்டு கழுவியவர்கள் 'மற்றும் பணியாளர்கள்' ஆகிவிடுவார்கள்.

இன்னொன்று. அந்த ஜீவன் தனக்கு ஒரு துணை கேட்கிறது. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவில் அதற்காகப் பெண் உருவம் ஒன்றைப் பாதி செய்தபோதுதான் விக்டருக்கு 'இவை பெருகினால் உலகம் என்ன ஆகும்' என்ற யோசனை வருகிறது, கிழித்துப் போடுகிறான். பலர் இதை நல்ல முடிவு என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் முதல் தடவை யோசிக்காமல் விட்டதற்கும் இரண்டாம் தடவை யோசித்ததற்கும் சேர்த்து அந்த ஜீவனின் கையில் உயிரைக் கொடுத்தவர்கள் நண்பன் கிளெர்வலும் விக்டரின் மணப்பெண் எலிசபெத்தும்.

மேரி பின்னால் மாற்றி எழுதிய 1831 பதிப்பில் விதியின் பங்கு கூடிவிடுகிறது, அதனால் 1818 பதிப்பையே தேடிப் படியுங்கள். நேரம் இல்லை என்றால் கப்பலில் விக்டர் சாகும் கடைசிப் பகுதியாவது படியுங்கள். தான் படைத்த உயிரின் நலனுக்குத் தான்தான் பொறுப்பு, அது தன் கடமை என்று அவன் வாயாலேயே சொல்கிறான். மனித இனத்துக்கான கடமை அதைவிடப் பெரிது என்கிறான். நடந்ததை எல்லாம் அலசிப் பார்த்தேன், என் மேல் குற்றம் ஒன்றும் தெரியவில்லை என்றும் சொல்கிறான். அவன் கப்பலில் கிடந்து இதைச் சொல்லும்போது ஜஸ்டின் செத்து வருடங்கள் ஆகிவிட்டன.