வேலை போனவர்கள் எங்கே போவார்கள்?

கேள்வி: வளரும் நாடு ஒன்றுக்கான பொருளாதார மாற்றத் திட்டத்தைப் படித்துக் கருத்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. இறக்குமதி வரியைக் குறைத்தால் தொழிலாளர்கள் நலிந்த துறைகளை விட்டு வளரும் துறைகளுக்குப் போய்விடுவார்கள், சிரமம் தற்காலிகமானது என்கிறார்கள். இதற்கான செலவை எப்படி மதிப்பிடுவது?

பதில்: தற்காலிகம் என்றால் எத்தனை ஆண்டு என்று முதலில் கேளுங்கள். பிரேசில் 1990-95 காலத்தில் இறக்குமதி வரிகளை வெகுவாகக் குறைத்தது. அதன் விளைவை வட்டார வாரியாக ஆராய்ந்தவர்கள் ரஃபேல் டிக்ஸ்-கார்னெய்ரோவும் பிரையன் கோவக்கும். அதிகம் அடிபட்ட வட்டாரங்களில், முறைசார் வேலைகளின் (அரசுப் பதிவும் சட்டப் பாதுகாப்பும் உள்ள வேலைகளின்) வருமானத்தில் ஏற்பட்ட பாதிப்பு 10 ஆண்டில் இருந்ததைவிட 20 ஆண்டில் மூன்று மடங்காகியிருந்தது. ஆட்கள் எளிதில் ஊரை விட்டுப் போகவில்லை. முதலீடு மட்டும் மெல்ல மெல்ல வேறிடம் போனது. இரண்டு மூன்று ஆண்டுக்கான நிவாரணத்தோடு திட்டம் நின்றுவிட்டால் அந்தக் கணக்கை ஏற்காதீர்கள்.

அடுத்து, வேலை போனவர்கள் எங்கே போவார்கள்? உழைப்பு வேளாண்மையிலிருந்து தொழிலுக்கு நகர்ந்தால் நாடு வளரும் என்ற பொருளாதார அறிஞர் ஆர்தர் லூயிஸின் 1954ஆம் ஆண்டுக் கருத்து சரிதான். ஆனால் அந்தப் பக்கம் தொழில் இருக்க வேண்டுமே! 1990க்குப் பிறகு லத்தீன் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் பல நாடுகளில் தொழிலாளர்கள் உற்பத்தித்திறன் குறைந்த வேலைகளுக்கே நகர்ந்தார்கள் என்று பொருளாதார ஆய்வாளர்கள் மார்கரெட் மெக்மில்லனும் டானி ராட்ரிக்கும் காட்டினார்கள். ஆலையில் இயந்திரம் ஓட்டியவர் தெருவோரம் சில்லறை வியாபாரம் செய்தால், புள்ளிவிவரத்தில் அவருக்கு வேலை இருக்கும். வருமானமும் ஓய்வூதியமும்தான் இருக்காது.

ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக்கின் முந்திரியைப் பாருங்கள். உலக வங்கியின் வற்புறுத்தலால் 1990களில் பச்சை முந்திரிக்கொட்டையின் ஏற்றுமதி வரி குறைக்கப்பட்டது. விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கும் என்பது எதிர்பார்ப்பு. கொட்டை அப்படியே கப்பலேறியது. உள்நாட்டில் அதை உடைத்துப் பதப்படுத்திய ஆலைகள் மூடின. சுமார் 10,000 தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலையிழந்தனர். முந்திரி வளர்க்கும் சராசரிக் குடும்பத்துக்குக் கிடைத்த லாபமோ ஆண்டுக்குச் சில டாலர்தான். நடுவில் வியாபாரிகளும் பங்கெடுத்துக்கொண்டார்கள். நாட்டின் மொத்தத்தைக் கூட்டிக் கழித்தால் இழப்பு சிறியதாகத் தெரியும். வேலையிழந்த குடும்பங்களுக்கு அது முழு வருமானம்.

ஆகவே மொத்த லாபத்தை ஒற்றை எண்ணாக ஏற்காதீர்கள்; வட்டாரம், வயது, ஆண் பெண் எனப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். 45 வயதைத் தாண்டியவர்களைத் தனியே பாருங்கள். பயிற்சி தருகிறோம் என்பார்கள்; பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுப்பது யார் என்று கேட்டால் பல திட்டங்களில் பதில் இருக்காது. ஆலை மூடினால் உள்ளூர் நிர்வாகத்தின் வரி வருவாயும் விழும், அதே நேரத்தில் உதவி கேட்டு வருவோரும் கூடுவார்கள். இதையும் செலவில் சேருங்கள்.

மாற்றமே வேண்டாம் என்று எழுத வேண்டியதில்லை. வரிக்குறைப்பு எந்தத் தேதியில் தொடங்குகிறது, நிவாரண நிதி எந்தத் தேதியில் கைக்கு வருகிறது என்று இரண்டையும் அருகருகே எழுதித் தரச் சொல்லுங்கள். நிதி பிந்துகிறது என்றால், வரிக்குறைப்பையும் அதுவரை தள்ளிவைக்கும்படி பரிந்துரையுங்கள்.