ஒரே ஆள் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்து, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் பட்டம் வென்றது உண்டா?

உண்டு. பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் பில் ரஸ்ஸல் 1968, 1969 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் களத்தில் ஆடிக்கொண்டே பயிற்சியாளராகவும் இருந்து பட்டம் வென்றார். 1959 முதல் 1966 வரை தொடர்ந்து எட்டுப் பட்டங்களைப் பெற்றுத்தந்த முந்தைய பயிற்சியாளர் ரெட் அவர்பாக், விலகும்போது தம் பொறுப்பை ரஸ்ஸலிடம் ஒப்படைத்தார். அந்த லீக்கில் கறுப்பினத்தவர் ஒருவர் தலைமைப் பயிற்சியாளரானது அதுவே முதல்முறை.

ரஸ்ஸலின் அருமை அவர் எடுத்த புள்ளிகளில் தெரியாது. எதிரணியினர் கூடையை நோக்கி எறியும் பந்தை அவர் வெளியே பறக்கும்படி அறைந்துவிடாமல், தம் அணியினரின் கைக்குப் போய்ச் சேரும்படி மெல்லத் தட்டிவிடுவார். தடுப்பாட்டம் அந்த நொடியிலேயே தாக்குதலாக மாறிவிடும். இந்த நுட்பத்தில் அவருக்கு இணையாக நான் எவரையும் சொல்லமாட்டேன்.

1969 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தன்று, லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் தரப்பு வெற்றிக் கொண்டாட்டத்துக்கென அரங்கின் கூரையில் பலூன்களைக் கட்டிவைத்திருந்தது. செல்டிக்ஸ் 108-106 என வென்றதால், அவை இறங்கவேயில்லை. 42 புள்ளிகள் எடுத்தும் தோற்ற லேக்கர்ஸ் ஆட்டக்காரர் ஜெர்ரி வெஸ்டுக்குத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது கிடைத்தது. ரஸ்ஸலுக்கோ அதுவே கடைசி ஆட்டம், 13 பருவங்களில் 11ஆவது பட்டம்.